பிரிவில் ஒரு நாற்காலி: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர்கள், தமிழ்நாடு
நகல்: ஆட்சியர்களின் நேர்முக உதவியாளர்கள் (பொது) மற்றும் பிரிவு அலுவலர்கள்

மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சமூகப்பணி, சட்டம், பொது நிர்வாகம், பொருளியல் படிக்கும் மாணவர்கள் சிலர் கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தோடு உங்கள் அலுவலகங்களுக்கு இன்டர்ன்களாக வருகிறார்கள். 2025ஆம் ஆண்டுக் கோடையில் அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. சமூகப்பணி முதுகலையின் முதலாண்டை அப்போதுதான் முடித்திருந்தேன். எந்த மாவட்டம் என்பதை நான் இங்கே குறிப்பிடவில்லை, ஏனெனில் என்னோடு இருந்தவர்கள் இன்னமும் அதே மேசைகளில் பணியாற்றுகிறார்கள். தங்கள் பெயர் வெளியே அடிபடுவதை அவர்களில் ஒருவரும் விரும்பமாட்டார்கள். என் கோரிக்கை சுருக்கமானது: பயிற்சிக்கு வரும் மாணவர்களை உங்கள் அறைக்கு வெளியே இருத்தி வைக்காமல், கோப்புகள் நடக்கும் பிரிவுகளில் உட்கார வையுங்கள். அரசு அலுவலகத்தை நம்பவும், அங்கே நம்பத்தக்கவர்களாக நடந்துகொள்ளவும் நாங்கள் கற்றுக்கொள்வது அந்தப் பிரிவுகளில்தான் என்பதே இம்மடல் முழுவதும் நான் சொல்ல விரும்புவது.

2022இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. அதில் முதல் தொகுதிக்குத் தேர்வு வைத்து 30 பேரை எடுத்தார்கள். அவர்களுக்கு இரண்டாண்டுக் காலம், மாத ஊதியம், பாடத்திட்டம், வழிகாட்டும் நிறுவனம் என்று எல்லாம் வகுக்கப்பட்டிருந்தது. சில வாரங்கள் மட்டும் வந்து, ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டு போகிற எங்களுக்கு அப்படி எதுவும் வகுக்கப்படவில்லை. ஆட்சியரின் மனநிலையும் நேர்முக உதவியாளரின் ஓய்வு நேரமும் எப்படியோ, அப்படியே எங்கள் பயிற்சியும் அமைகிறது.

நாங்கள் வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டில் ஊறிய அவநம்பிக்கையைச் சுமந்துகொண்டுதான் வருகிறோம். பட்டா, வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்றுக்காக அலையாத குடும்பம் எங்கள் ஊரில் இல்லை. “மனு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆளைப் பிடி” என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் நிர்வாகப் பாடம். இதைப் பழைய தலைமுறையின் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது. பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கும்போது பிடிபட்ட செய்தி இல்லாமல் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் அதிக நாள் வெளிவருவதில்லை; ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்கு வேலை குறைந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. ஆகவே ஆட்சியர் அலுவலகத்தில் காலடி வைக்கும் மாணவருக்கு, யார் காசு வாங்குகிறார், யார் வேண்டுமென்றே கோப்பை இழுத்தடிக்கிறார் என்று தேடும் கண்தான் முதலில் திறந்திருக்கிறது. அந்தக் கண்ணை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அதனால் மட்டும் ஓர் அலுவலகத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

தொடக்கத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்களின் நிலையைத் துறைவாரியாக அட்டவணையாக்கி, ஆய்வுக் கூட்டத்துக்குத் திரைக்காட்சி தயாரிப்பது. குளிரூட்டப்பட்ட அறை, நல்ல காபி, ‘மேடம்’ என்ற அழைப்பு என்று மரியாதைக்குக் குறைவில்லை. நிலுவையில் இருப்பவை சிவப்பு, முடிந்தவை பச்சை. முடிந்தவை என்ற கட்டத்துக்குள் ஏற்கப்பட்ட மனுவும் நிராகரிக்கப்பட்ட மனுவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டும் பத்தி அந்த அட்டவணையில் இல்லை, அதைச் சேர்க்கச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. பிரிவுகளுக்குள் விவரம் கேட்டுப் போனால் பேச்சு நின்றுவிடும். கேட்ட எண்ணை மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் ஆட்சியரின் ஆள், எதைப் பார்த்தாலும் மேலே போய்ச் சொல்லிவிடக்கூடிய ஒருத்தி. எனக்கோ அவர்கள் அட்டவணையின் சிவப்புக் கட்டங்களுக்குப் பொறுப்பாளிகள். அந்த ஏற்பாடு அப்படியே நீடித்திருந்தால், வீட்டிலிருந்து கொண்டுபோன அவநம்பிக்கையைப் புள்ளிவிவரத்தோடு திரும்ப எடுத்து வந்திருப்பேன்.

அது நீடிக்காமல் போனதற்கு எவருடைய தொலைநோக்கும் காரணமில்லை. பசலி 1434 என்ற வருவாய் ஆண்டுக்கான வருவாய்த் தீர்வாயம், அதாவது கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்யும் ஜமாபந்தி, வட்டங்களில் தொடங்கியிருந்தது. ஆட்சியரும் மற்ற அலுவலர்களும் வட்ட அலுவலகங்களுக்குப் போய்விட்டார்கள். ஆய்வுக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. வேலையில்லாமல் இருந்த என்னை, நிலம் சம்பந்தமான மனுக்களைக் கையாளும் ஒரு பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த உதவியாளர், பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தவர், என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கட்டி வைத்திருந்த முடிந்த கோப்புகளில் ஒன்றை உருவி மேசையில் வைத்தார். “முடிஞ்ச ஃபைல்தாம்மா, தைரியமாப் படிங்க. எங்க நின்னுச்சு, எதுக்காக நின்னுச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்” என்றார். அந்தப் பிரிவில் வேறு எவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பு படிப்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் எங்களுக்குச் சொல்லித்தருவதில்லை. குறிப்புப் பகுதி ஒருபுறம், கடிதப் பகுதி மறுபுறம் என்று இருப்பதும், தபால் பதிவாகி நடப்புக் கணக்கு எண் பெற்று, உதவியாளர் தம்மிடம் வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறுவதும், எத்தனை நாளாக எங்கே இருக்கிறது என்பதைத் தன்பதிவேட்டைப் புரட்டிய மேலலுவலர் எவரும் கண்டுபிடித்துவிடக்கூடிய ஏற்பாடும், டாட்டன்ஹாம் முறை என்று இன்றும் அழைக்கப்படும் பழைய அலுவலக நடைமுறையிலிருந்து வருபவை. இப்போது மின் அலுவலகம் வந்துவிட்டது. ஆனாலும் கணினித் திரையில் நகர்வது அதே குறிப்பு, அதே வரிசை. ஒரு குடிமகள் ‘நாளை வா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப்போன நாளில் உள்ளே என்ன நடந்தது என்பதைக் கையொப்பத்தோடும் தேதியோடும் எழுதிவைத்திருக்கும் ஒரு முறை இருக்கிறது என்பதே எனக்குப் புதிய செய்தியாக இருந்தது.

அவர் பிறகு தந்த நிலுவைக் கோப்பு ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 1979இல் தொடங்கி எண்பதுகளின் பிற்பகுதி வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், உங்கள் அலுவலக வழக்கில் சொன்னால் யு.டி.ஆர். காலத்தில், ஒருவரின் தகப்பனார் பெயர் தவறாகப் பதிவாகி, பக்கத்து நிலத்துக்காரரோடு கூட்டுப்பட்டாவில் சேர்ந்துவிட்டது. மகன் மனு கொடுக்கிறார். வட்டாட்சியரிடம் அறிக்கை கேட்கப்படுகிறது. மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டின் நகல் இல்லை என்று அறிக்கை திரும்பி வருகிறது. நகல் கிடைத்து அனுப்பப்பட்டதும், எதிர்தரப்பின் வாரிசுகள் அனைவருக்கும் அறிவிப்பு சார்வாகவில்லை, அதாவது கையில் சேர்ப்பிக்கப்படவில்லை என்று மீண்டும் வருகிறது. அவர்களில் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார், இன்னொருவர் எங்கே என்று தெரியவில்லை. இடையில் நில அளவர் மாறுதலாகிப் போகிறார், புலப்படத்தோடு ஒப்பிட்டு அளக்கும் வேலை புதியவருக்குப் போகிறது. கோப்பின் எந்த இடத்திலும் எவரும் பணத்துக்காக நிறுத்தி வைத்ததற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது, அந்தக் காரணம் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவும் இருந்தது. யு.டி.ஆர். நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1980 நவம்பரில், கர்ணம், மணியக்காரர் என்ற பகுதிநேர கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. எந்த வயல் யாருடையது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் பாதி வழியில் வெளியேறியதால் பிழைகள் பெருகின என்பது அந்த உதவியாளரின் வாதம். அவர்களே சில பிழைகளை வேண்டுமென்று விதைத்தார்கள் என்பது அடுத்த மேசைக்காரரின் வாதம். இருவரும் இதைப் பற்றி என் எதிரில் உரக்க வாதிட்டுக்கொண்டபோதுதான், நான் வந்தால் பேச்சு நிற்கும் காலம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் கோப்பில் குறையாக எனக்குப் பட்டது வேறொன்று. நிறுத்தத்துக்கான காரணங்கள் அனைத்தும் அலுவலகத்துக்குள் ஒருவர் மற்றவருக்கு எழுதிக்கொண்டவை. மனுதாரருக்குப் போன கடிதங்களில் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை வரிசையில் நின்று புதிதாக மனு கொடுத்திருக்கிறார், ஒவ்வொரு மனுவும் புதிய எண் பெற்று என்னுடைய பழைய அட்டவணையில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஏறியிருக்கிறது. இப்போது எந்த வாரிசின் முகவரி தேவைப்படுகிறது, அதை எங்கே கொடுக்க வேண்டும், அளவைக்கு முன் எத்தனை நாளில் அறிவிப்பு வரும் என்பதை எளிய தமிழில் எழுதி ஒரு பதில் வரைவை உதவியாளரிடம் காட்டினேன். அவர் அதில், கோப்பு இந்தத் தேதிக்குள் முடியும் என்று நான் எழுதியிருந்த வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு, “நம்ம கையில இல்லாத தேதியை நாம குடுக்கக் கூடாது” என்று சொல்லி, மற்றவற்றைத் தம் சுருக்கொப்பத்தோடு மேலே அனுப்பினார். கடிதம் கையொப்பமாகிப் போனது. மனு நான் அங்கிருந்தவரை முடியவில்லை. ஆனால் அந்த மனுதாரர் அதன் பிறகு வந்தபோது புதிய மனுவோடு வரவில்லை, முகவரியோடு வந்தார்.

அந்தச் சுருக்கொப்பத்தின் விலை என்ன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு குறிப்பில் தவறான சங்கதி போய், அதன் பேரில் ஆணை பிறந்துவிட்டால், தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ அது வெளிப்படும்போது வந்துபோன இன்டர்னை எவரும் தேடமாட்டார்கள். சுருக்கொப்பமிட்ட உதவியாளருக்குத்தான் ஒழுங்குமுறை விதி 17(அ)வின் கீழோ, கடுமையான தண்டனைக்கு வழிவகுக்கும் 17(ஆ)வின் கீழோ நடவடிக்கை வரும். ‘செவன்டீன் பி’ என்ற சொல்லை அலுவலகத்தில் எப்படிக் குரல் தாழ்த்திச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டவர்களுக்கு, ஓய்வுக்கு அருகில் இருக்கும் ஒருவர் முன்பின் தெரியாத மாணவியின் வரைவை ஏற்பது எப்படிப்பட்ட செயல் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் என்னை நல்ல பெண் என்று நினைத்து நம்பவில்லை. முதலில் முடிந்த கோப்பைத் தந்து என்ன எழுதுகிறேன் என்று பார்த்தார், பிறகு நிலுவைக் கோப்பின் காலவரிசையைத் தந்து ஒவ்வொரு தேதியையும் தாமே சரிபார்த்தார், அதன் பிறகே வரைவை விட்டார். நம்பிக்கை இவ்வளவு நிதானமாக, சோதித்துச் சோதித்துக் கட்டப்படுவதை நான் அதுவரை எங்கும் பார்த்ததில்லை. நானும் அவரை அப்படியேதான் நம்பத் தொடங்கினேன். மனுதாரர்களிடம் அவர் பேசும் விதத்தை, யாருக்காகவும் வரிசையை மாற்றாத பிடிவாதத்தை, ‘முடியாது’ என்பதை நேராகச் சொல்லி மேல்முறையீடு எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகே அது நடந்தது. உங்கள் அறைக்கு வெளியே இருந்த இருக்கையில் இருந்துகொண்டு இதில் எதையும் பார்த்திருக்க முடியாது.

கோப்புகளை வெளியாருக்குக் காட்டலாமா என்று நீங்கள் தயங்குவது இயல்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி எந்தக் குடிமகனும் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, விலக்களிக்கப்பட்டவை நீங்கலாக அலுவலகப் பதிவுகளை நேரில் பார்வையிடக் கேட்கலாம். தமிழ்நாடு அதற்கு முன்னரே, 1997இல், இத்தகைய சட்டத்தை இயற்றிய மாநிலம். வாசலில் வரும் முன்பின் தெரியாதவருக்குச் சட்டம் தரும் உரிமையை, உங்கள் அனுமதியோடு உள்ளே உட்கார்ந்திருக்கும் மாணவருக்குப் பழக்கத்தின் காரணமாக மறுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். காட்டக்கூடாதவை நிச்சயம் உண்டு. குழந்தைகள் மீதான குற்றங்கள், குடும்ப வன்முறை, சாதிய வன்கொடுமை சார்ந்த மனுக்கள், ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள் ஆகியவற்றை எங்களிடம் தரக்கூடாது. பார்த்தவற்றை வெளியே பேசமாட்டோம் என்ற உறுதிமொழியை எழுதி வாங்கிக்கொள்வதும் சரியே.

நீங்கள் எப்படிப் பழக்கப்பட்டீர்கள் என்பதையும் நினைவூட்ட அனுமதியுங்கள். முசௌரியில் உள்ள ஆட்சிப்பணி அகாடமியில் பாடம் முடிந்து மாவட்டப் பயிற்சிக்கு வந்த உதவி ஆட்சியர்களாக நீங்கள் வட்ட அலுவலகத்திலும் கிராமத்திலும் இருந்திருக்கிறீர்கள், நில அளவையைக் களத்தில் கற்றிருக்கிறீர்கள், கிராமக் கணக்குகளைப் புரட்டியிருக்கிறீர்கள். ஆட்சிப்பணியின் மிக உயர்ந்த தேர்வில் வென்றவர்களுக்கே அடியிலிருந்து தொடங்குவதுதான் முறை என்றால், எதுவுமே தெரியாத எங்களை நேரே மேல்மாடியில் கொண்டுபோய்த் திரைக்காட்சி செய்யச் சொல்வதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

ஜமாபந்தி நாட்களில் கிராம நிர்வாக அலுவலர் ஒருவரோடும் கிராம உதவியாளரோடும் என்னைக் களத்துக்கு அனுப்பினார்கள். அடங்கல், சிட்டா, ‘அ’ பதிவேடு என்ற கிராம நிலக் கணக்குகள் எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டிக்கொண்டு, அளவைச் சங்கிலியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, ஆய்வுக்குத் தயாராகும் அவர்களின் பதற்றம் பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளின் பதற்றம் போலவே இருந்தது. வழியில் முதியோர் உதவித்தொகைக்கான விசாரணைகளையும் முடித்தோம். 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகையில், அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலான மத்திய அரசுத் திட்டப் பயனாளிகளுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான் என்பதும், மீதியை மாநிலம் தருகிறது என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. விண்ணப்பித்திருந்த மூதாட்டி ஒருவர் தமக்கு யாருமில்லை என்றார். பிள்ளைகள் இருப்பது ஊருக்கே தெரியும். நான் அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் முன், கிராம உதவியாளர் அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்து, பிள்ளைகள் எத்தனை ஆண்டுகளாக எட்டிப் பார்க்கவில்லை, யார் வீட்டில் அவர் சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் விசாரித்து வந்தார். பிள்ளைகள் உண்டு, ஆதரவு இல்லை என்று அறிக்கையில் எழுதப்பட்டது. முடிவு தனி வட்டாட்சியருடையது. மனுதாரரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதற்கும் அவரைப் பொய்யர் என்று ஒதுக்குவதற்கும் நடுவில், போய் விசாரித்துப் பார்ப்பது என்ற மூன்றாவது வழி ஒன்று இருப்பதை, பள்ளிப்படிப்போடு நின்றுவிட்ட அந்த ஊழியரிடம் கற்றேன். சமூகப்பணிப் பாடத்தில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு, தேர்வுக்கு எழுதியிருக்கிறேன்.

அந்த மூதாட்டி என்னையும் ஓர் அதிகாரியாகவே எடுத்துக்கொண்டு, “எப்பம்மா பணம் வரும்?” என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். ‘சீக்கிரம் வந்துரும் பாட்டி’ என்று சொல்வது எவ்வளவு எளிது! எனக்குத் தெரியாது, வட்டாட்சியர் பார்த்து முடிவு செய்வார், முடிவு இந்த அண்ணன் மூலமாகத் தெரியவரும் என்று சொன்னபோது அவர் முகம் வாடியது. அந்த வாட்டத்தைத் தாங்கிக்கொண்டு உண்மையை மட்டும் சொல்லும் பழக்கம்தான் அந்தக் கோடையில் என்னிடம் ஏற்பட்ட பெரிய மாற்றம். அதற்கு முன்பு, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சமாளிப்பதைத் திறமை என்றே கல்லூரிக் கருத்தரங்குகள் எனக்குப் பழக்கியிருந்தன. சிவப்பு மையில் அடித்துத் திருத்தப்பட்ட வரைவு திரும்பி வந்தால் முகம் சுண்டிப்போகும் வழக்கமும் மெல்லக் குறைந்தது. எனக்கு மேலே உதவியாளர், அவருக்கு மேலே பிரிவுத் தலைவர், நேர்முக உதவியாளர், மாவட்ட வருவாய் அலுவலர், ஆட்சியர் என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் படித்துப் பார்க்கப்போகிறார் என்ற உறுதி, எழுதுபவருக்குத் துணிவைத் தருகிறது. நீங்களும் அதே துணிவில்தான் ஒவ்வொரு மாலையும் உங்கள் முன் குவியும் கோப்புகளில் கையொப்பமிடுகிறீர்கள்; எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து நீங்களே படிக்க வேண்டுமென்றால் மாவட்டம் நின்றுவிடும்.

நம்பிக்கை என்ற பெயரில் நடக்கும் வேறு சில காரியங்களையும் பார்த்தேன். வேலை மிகுதியில் ஓர் ஊழியர் தம் மின் அலுவலகக் கடவுச்சொல்லை என்னிடம் தந்து, “நீங்களே உள்ள போயி ஏத்திருங்க மேடம்” என்றார். அவருடைய பெயரில் நான் செய்யும் எதற்கும் அவரே பொறுப்பாவார் என்பதால் நான் வாங்கிக்கொள்ளவில்லை. வரைவை வெளியே தட்டச்சு செய்து தந்தேன், அவர் படித்துப் பார்த்துத் தம் கணக்கில் ஏற்றினார். பயிற்சி மாணவர்களிடம் எவருடைய கடவுச்சொல்லும் போகக்கூடாது என்பதை நீங்களே தெளிவாக எழுத்தில் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. லஞ்சம் வாங்குகிறவர்களைப் பற்றியும் நான் வெகுளியாகிவிடவில்லை. ஆட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் அமர்ந்து மனு எழுதித் தருபவர்களிடம் மதிய நேரங்களில் பேசிக்கொண்டிருப்பேன். எந்த அலுவலகத்தில் எந்த மேசை எப்படி என்பதை அவர்களைப் போல அறிந்தவர்கள் இல்லை, அவர்கள் சொன்னவை எல்லாம் இனிப்பானவை அல்ல. (அவர்களுடைய உரைநடையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், மூன்று வரியில் ஒரு வாழ்நாள் வழக்கைச் சொல்லிவிடுவார்கள்.) ஆனால் எல்லோரும் அப்படித்தான் என்ற என் பழைய முடிவு, யார் எப்படி என்று ஆள் பார்த்து, கோப்பு பார்த்து அறியும் பழக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. தவறு செய்கிறவரை அடையாளம் காணவும் இந்தப் பழக்கமே உதவும் என்று நம்புகிறேன்.

இந்தப் பயிற்சிக்கு யார் வர முடிகிறது என்பதையும் கவனியுங்கள். ஊதியம் இல்லை, தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாம் மாணவரின் செலவு. சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லாமல் இருப்பதால் என் பாடு பரவாயில்லை. என்னோடு படித்த, அப்பா கட்டட வேலைக்குப் போகும் ஒரு மாணவர், விடுமுறையில் சம்பாதிக்கவில்லை என்றால் அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியாது என்று விண்ணப்பிக்கவே இல்லை. அரசு அலுவலகத்தை வாசலிலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் அதை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு மிகவும் தேவை. அவர்களே வர முடியாதபடி ஏற்பாடு இருக்கிறது. பெருந்தொகை வேண்டாம், பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போதுமானதை மாவட்ட அளவில் ஏற்பாடு செய்ய வழியிருக்கிறதா என்று பாருங்கள். வழி இல்லையெனில், மாணவரின் சொந்த வட்டத்திலுள்ள வட்டாட்சியர் அலுவலகத்திலேயே பயிற்சி தரலாம். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

பிரிவுகளில் பணியாற்றும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. காலிப் பணியிடங்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, தேர்தல், கணக்கெடுப்பு, முகாம் என்று ஓடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு, ஒரு மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு சுமை என்பதை அறிவேன். முதல் வாரத்தில் சுமைதான். முடிந்த கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் நிலுவைக் கோப்பின் காலவரிசையை எழுதித் தருவார், மூன்றாவது வாரத்தில் மனுதாரருக்கான பதிலை வரைந்து தருவார். திருத்தும்போது ஏன் திருத்துகிறீர்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

ஆட்சியர்களே, இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். மாவட்ட அளவில் ஓர் அலுவலக ஆணை போதும். பயிற்சி மாணவரைச் சேர்க்கும் நாளிலேயே அவர் எந்தப் பிரிவில், எந்த உதவியாளரின் பொறுப்பில் இருப்பார் என்பதையும், எந்த வகைக் கோப்புகள் அவருக்குத் தரப்படலாம், எவை தரப்படக்கூடாது என்பதையும், களப்பணிக்கு எந்தக் கிராம நிர்வாக அலுவலரோடு போவார் என்பதையும் அதில் எழுதிவிடலாம். பயிற்சி முடிவில் அவர் தரும் அறிக்கையை அலமாரியில் வைத்துவிடாமல், பிரிவு அலுவலர் ஒருமுறை படித்து, ஒப்புக்கொள்வதையும் ஒப்புக்கொள்ளாததையும் அரைப் பக்கத்தில் எழுதித் தருமாறும் சேர்க்கலாம். எங்களுக்குச் சான்றிதழைவிட அது பயன்படும். ஜமாபந்தி பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வருவதாலும், கல்லூரி விடுமுறையும் அப்போதே அமைவதாலும், கல்லூரிகளின் பரிந்துரைக் கடிதங்கள் உங்களுக்கு வந்து சேரும் ஏப்ரல் மாதத்திலேயே அந்த ஆணை தயாராக இருந்தால், வருகிறவர்கள் முதல் நாள் தொட்டே கிராமக் கணக்குகள் திறக்கப்படும் இடத்தில் இருக்க முடியும். ஜமாபந்தியின் நிறைவாக நடக்கும் குடிகள் மாநாட்டன்று ஒரு மனுதாரருக்காவது அவருடைய மனு எங்கே இருக்கிறது என்பதை வாயால் விளக்கும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம், பக்கத்தில் உதவியாளர் இருக்கட்டும்.

மிக்க மரியாதையுடன்,
முன்னாள் பயிற்சி மாணவி ஒருவர்